லிஃப்ட்காரர் சட்டை

"அக்கா."

போர்வை அசையவில்லை.

"அக்கா, முழிச்சிருக்கியா?"

"செத்துட்டேன்," என்றது போர்வை. "ஏழு மணிக்குத்தான் உயிர் வரும். அப்ப வா."

சின்னவள் போகவில்லை. ஸ்டூலில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிடாமல் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஸ்டூல், அறை அவ்வளவுதான். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்; அவள் பக்கத்துச் சுவரில் மாத்திரைக் கம்பெனி கொடுத்த காலண்டர் தொங்கியது. சின்னவள் பக்கத்துச் சுவர் முழுக்க அழுகிய முகங்கள், தொங்கும் தாடைகள், சதை பிய்ந்த கைகள். பன்னிரண்டு வயதில் ஒட்ட ஆரம்பித்தது; இப்போது பதினாறு. ஜாம்பி என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். வீட்டில் அவளுக்குப் பெயரே பொணம். "பொணம் வந்தாச்சு, தட்டு எடுத்து வை" என்று அம்மா உள்ளே பார்த்துச் சொன்னால், புதிதாக வீட்டுக்கு வந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

"என்னடி பொணமே, கெட்ட கனவா? ஊரைப் பயமுறுத்துறவளுக்கே பயமா?"

"டெய்லர் ஆன்ட்டி பார்த்தது அங்கிள் இல்லக்கா. என்னை."

போர்வை விலகியது.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அம்மா விஷயத்தை எடுத்திருந்தாள். கீழ்வீட்டு டெய்லரம்மா சனிக்கிழமையிலிருந்து சரியாக இல்லை. மெஷினைத் தொடவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் வந்து வந்து திரும்புகிறார்கள். என்ன ஏது என்று அம்மா போய்க் கேட்டதற்கு, செத்துப்போன வீட்டுக்காரர் வந்தார் என்கிறாளாம்.

"வயிறெல்லாம் ரத்தமாம், முகம் கிழிஞ்சு தொங்குதாம்," என்றாள் அம்மா, சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு. "தூங்குற மாதிரி போயிட்டாருன்னு டாக்டர் சொன்னதெல்லாம் பொய்ங்கிறா. நாளைக்குக் காலையில அவர்கூட வேலை பார்த்த ஆளைத் தேடிப் போறாளாம். எங்கிட்ட என்னத்த மறைச்சீங்கன்னு கேக்கப் போறாளாம். பாவம், அந்த மனுஷன் என்னன்னு பதில் சொல்வான்?"

"எங்க வச்சுப் பார்த்தாங்களாம்?" என்றார் அப்பா.

"அந்தப் பேய் மாடியிலதான். நம்ம பொணம் வேஷம் கட்டுற எடம். நான்தான் வாய வச்சுக்கிட்டு இருக்காம, வீட்டுக்குள்ளயே கிடக்காதீங்க, எங்கயாவது போயிட்டு வாங்கன்னு சொன்னேன். இப்படி ஆகும்னு யாரு கண்டா."

அப்பா சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தட்டைப் பார்த்தாள்.

டெய்லரம்மாவும் சின்னவளும் கூட்டாளிகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒருத்திக்குத் தலை நரைக்கத் தொடங்கியாயிற்று; இன்னொருத்திக்கு இன்னும் பள்ளிக்கூடமே முடியவில்லை. ஆனாலும் பள்ளி விட்டதும் சின்னவள் நேரே மாடி ஏறமாட்டாள். கீழ்வீட்டு முன்னறையில், மெஷினுக்கும் துணி மூட்டைக்கும் நடுவே, நூல்கண்டுப் பெட்டியில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் ஜாம்பி படம் பார்ப்பார்கள். டெய்லரம்மாவுக்குப் பயம் என்பதே கிடையாது. அவள் பார்ப்பது கிழிசலைத்தான்.

"அந்தச் சட்டையப் பாரு," என்பாள், மிதிப்பதை நிறுத்தாமல். "தையல்ல போய்க் கிழிஞ்சிருக்கு. எவனோ உக்காந்து பிரிச்சுவிட்டிருக்கான். நெசமா கிழிஞ்சா துணிதான் போகும். தையல் நிக்கும்."

"யார் தச்சதோ என்னவோ."

"அதான் சொல்றேன். நான் தச்சிருந்தா அந்தப் பொணம் இன்னும் கொஞ்சம் கௌரவமா நடந்திருக்கும்."

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். ஒல்லியான, உயரமில்லாத மனிதர். தனக்குத் தொப்பை போட்டால் கம்பெனி லிஃப்டுக்கு இன்னும் அகலமாகக் குழி வெட்டவேண்டியிருக்கும் என்பார். அவருடைய வேலைச் சட்டைகளையெல்லாம் டெய்லரம்மாதான் தைப்பாள். ஒவ்வொன்றிலும் மார்புப் பாக்கெட்டை ஒட்டி, விரல் அகலத்தில், நீளமாக இன்னொரு பாக்கெட். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் வைப்பதற்கு. அதை மறந்துவிட்டுப் போய்ப் பாதி வழியில் திரும்பி வருவது அவர் வழக்கம். அதனால் அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டதும் டெய்லரம்மா தலையைத் தூக்காமலே கேட்பாள், "இருக்கா?" அவர் வாயைத் திறக்கமாட்டார். பாக்கெட்டை இரண்டு தட்டுத் தட்டுவார். கதவைச் சாத்திக்கொண்டு போவார். போய்ட்டு வரேன், பார்த்துப் போங்க என்பதெல்லாம் அவர்களுக்கு அதுதான். சின்னவள் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

போன வருஷம் ஒருநாள் வேலை முடிந்து கம்பெனி வண்டியில் திரும்பும்போது, சீட்டில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கூட வேலை பார்த்தவருக்கே வண்டி நின்ற பிறகுதான் தெரிந்தது. "தூங்குற மாதிரி போயிட்டாரும்மா, துளி வலி தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். டெய்லரம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். பட்டன் வைக்க வந்தவர்களிடம்கூட அதையே சொன்னாள். ஜாம்பி படம் மட்டும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சின்னவளும் கூப்பிடவில்லை.

அவளுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. மூடிப்போன ஃபர்னிச்சர் கடையின் மூன்றாவது மாடியை வாடகைக்கு எடுத்து, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, 'இருட்டு மாடி' என்று போர்டு மாட்டினார்கள் சிலர். சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும். டிக்கெட் வாங்கினவர்களைக் கும்பல் கும்பலாக உள்ளே விடுவார்கள். சோபாக்களுக்கும் அலமாரிகளுக்கும் நடுவிலிருந்து பிணங்கள் எழுந்து வரும். நடத்தியவர் வாரநாளில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஆனால் எல்லோருக்கும் அவர் டைரக்டர்தான். சின்னவள் அப்பாவிடம் அழுது அடம்பிடித்து அதில் சேர்ந்தாள்.

"தங்கச்சி, இது என்ன?" என்றார் டைரக்டர், அவள் முதல் வாரம் கிழித்துக்கொண்டு போன பனியனைத் தூக்கிப் பிடித்து.

"ஜாம்பி டிரஸ்ணா."

"இது கிழிஞ்ச பனியன். தரை துடைக்கலாம். செத்தவன் துணின்னா அவன் வாழ்ந்தது அதுல தெரியணும். ஒவ்வொரு பொணத்துக்கும் ஒரு தொழில் வேணும். அந்தா நிக்கிறான் பாரு, ஹோட்டல் சப்ளையர். தலை பாதி இல்ல, ஆனா தட்ட சாயாம பிடிச்சிருக்கான். மூளை செத்தாலும் கை சாகக் கூடாது. அதுலதான் ஜனம் அலறும்." பிறகு மூலையில் இருந்த, ஓடாத லிஃப்டைக் காட்டினார். "உனக்கு அந்த எடம். யோசிச்சுட்டு வா."

யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதே வாரம் டெய்லரம்மா ஒரு பையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். வீட்டுக்காரரின் துணிகள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்திருந்தது. "பெட்டிக்குள்ள கிடந்து மக்க வேணாங்க. யாராவது போட்டுக்கிட்டா போதும்" என்றாள். பழைய துணி வாங்கிக்கொள்ளும் முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வா என்று அம்மா பையைச் சின்னவளிடம் கொடுத்தாள். சின்னவள் கொடுக்கவும் செய்தாள். மேலே இருந்த பழுப்பு நிற வேலைச் சட்டை ஒன்றைத் தவிர.

யாராவது போட்டுக்கிட்டா போதும் என்றுதானே சொன்னாங்க. நானும் யாராவதுதானே. இப்படி அவள் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டாள். தீர்ப்பும் அவளே சொல்லிக்கொண்டாள். தையலில் கை வைக்காமல், ஆன்ட்டி சொல்லிக் கொடுத்தபடி துணியை மட்டும் பிடித்துக் கிழித்தாள். டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டுக் கறையேற்றினாள். வயிற்றுப் பக்கம் சர்க்கரைப் பாகில் செய்த ரத்தத்தை ஊற்றினாள். சட்டை அவளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. போட்டுக்கொண்டு போய் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றபோது கை தானாகவே போய்ப் பாக்கெட்டை இரண்டு தட்டுத் தட்டியது.

டைரக்டர் கையிலிருந்த மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ பண்ணு" என்றார். பிறகு மற்ற பிணங்களையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்கடா, இதுக்குப் பேருதான் பொணம்" என்றார். வாழ்க்கையில் சின்னவளை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

இதையெல்லாம் இருட்டில் அக்காவிடம் சொன்னாள். சட்டை விஷயம் வந்தபோது அக்கா, "அடிப்பாவி" என்றாள் மெதுவாக.

"அவங்க வரப்போறாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. அவங்களே டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காங்க. எனக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு."

"அப்புறம்?"

அப்புறம் சனிக்கிழமை. சின்னவள் கண்ணில் வெள்ளை லென்ஸ். அதைப் போட்டால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்பதே மங்கலாகத்தான் தெரியும். முகத்தில் பசையும் டிஷ்யூ பேப்பரும் ஒட்டிப் பிய்த்துவிட்ட தோல். முடியெல்லாம் தொப்பிக்குள். கும்பல் ஒன்று கூச்சலிட்டுக்கொண்டு கடந்து போனது. கடைசியில் ஓர் உருவம் மட்டும் பின்தங்கி நின்றது. சில பேர் அப்படி நிற்பார்கள், பயமில்லை என்று காட்டிக்கொள்ள. அப்படி நின்றால் அசையக் கூடாது, தொட்டாலும் அசையக் கூடாது, பக்கத்தில் வந்ததும் உறுமவேண்டும் என்பது விதி.

உருவம் பக்கத்தில் வந்தது. கையை நீட்டி, சட்டையைத் தொட்டது. மார்பில் அந்த ஒல்லிப் பாக்கெட்டின் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாகத் தடவியது.

"இருக்கா?" என்று கேட்டது.

ஸ்பீக்கரில் காற்றும் ஊளையும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் சின்னவளுக்குக் கேட்டது. யார் குரல் என்றும் தெரிந்தது. ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. ஒரு வார்த்தை. அதைச் சொல்ல நேரமும் இருந்தது. ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று அவளுக்குள் வந்தது. இப்போது தட்டினால் எப்படி இருக்கும். இத்தனை வருஷம் பார்த்த படத்தில் எதிலும் இப்படி ஒன்று வந்ததில்லையே.

தட்டினாள். இரண்டு தட்டு.

டெய்லரம்மா அலறவில்லை. சத்தமே இல்லாமல் மடங்கி, தரையில் சரிந்தாள். விளக்கைப் போட்டார்கள், தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குள் சின்னவள் லிஃப்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், கையால் வாயை மூடிக்கொண்டு. "ஒண்ணுமில்ல, மூச்சு முட்டிருச்சு" என்று டெய்லரம்மா யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்காவிடம் சின்னவள் இதையும் சொன்னாள். ஆனால் கொஞ்சம் மாற்றி. "நான் பாட்டுக்குத் தட்டிட்டிருந்தேன்க்கா, எல்லாருக்கும் தட்டுற மாதிரி. கண்ணு தெரியல. ஸ்பீக்கர் வேற சத்தம். அவங்க கேட்டதே எனக்குத் தெரியாது." இவ்வளவு அழுகையிலும் பொய் கோணாமல் வந்ததை நினைத்து அவளுக்கே உடம்பு சில்லிட்டது.

"அந்த டைரக்டர் என்ன சொன்னான்?"

சின்னவள் ஃபோனைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி அவள் போகாமல் இருந்ததற்கு வந்த பதில். 'உடம்பைப் பார்த்துக்கோ தங்கச்சி. நேத்து நான் அலமாரிக்குப் பின்னாடிதான் நின்னேன், நீ பண்ணது வேற லெவல். அடுத்த வாரம் நம்ம பொண்ணு ஒருத்தியையே நிக்க வச்சு இருக்கான்னு கேக்க வைப்போம். நீ தட்டு. செமையா இருக்கும்.'

அக்கா அதைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"காலையில அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிரு."

"நீ சொல்லேன்."

"நானா கிழிச்சேன்?"

"திட்டுவாங்கக்கா."

"திட்டட்டுமே. நாலு வார்த்தை வாங்கிக்கிட்டா நீ தேய்ஞ்சா போயிருவ? அந்தப் பொம்பளை மூணு நாளா புருஷன் ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கிறதா நினைச்சுட்டிருக்கா. கூட வேலை பார்த்த ஆளு வேற இப்ப மாட்டிக்கிட்டு முழிக்கப் போறான். அவன் என்னடி பண்ணான்?"

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். சின்னப் பிள்ளையில் போல் ஒரே கட்டிலில் படுத்தார்கள். அக்கா தூங்கிவிட்டாள். சுவரில் இருந்த முகங்களில் ஒன்றைக்கூடச் சின்னவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காலையில் இறங்கிப் போனபோது டெய்லரம்மா கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையை வாரி, வெளியே போகிற செருப்பைப் போட்டு, தோளில் கைப்பை. மெஷின்மேல் உறை போர்த்தியிருந்தது. மூன்று நாளில் அவள் முகம் ஒடுங்கிப்போயிருந்தது. சின்னவளைக் கண்டதும் அந்த முகத்திலேயே சிரிப்பைக் கூட்டிக்கொண்டுவந்தாள்.

"வாடி என் பிசாசே. உன்னைப் பார்க்கத்தான் அன்னைக்கு வந்தேன், பார்க்காமலே வந்துட்டேன். எங்க நின்ன நீ?"

சின்னவள் கையில் பிளாஸ்டிக் பை வைத்திருந்தாள். எங்கே நின்றேன் என்று வாயால் சொல்ல வரவில்லை. சட்டையை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். ரத்தக் கறை காய்ந்து, மொறமொறவென்று இருந்தது.

டெய்லரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பையில இருந்து எடுத்தேன் ஆன்ட்டி. இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இல்லத்துல குடுத்துட்டேன். யாராவது போட்டுக்கிட்டா போதும்னு சொன்னீங்க..." அதற்குமேல் அந்த வக்கீலுக்கு வாய் வரவில்லை. "நான்தான் கிழிச்சேன். ரத்தம் சர்க்கரைப் பாகு. லிஃப்ட்கிட்ட நின்னது நான்தான். மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

டெய்லரம்மா சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிழிசலை விரித்துப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் தையலையும் இழுத்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிறமாதிரி சொன்னாள்.

"சட்டைதானே. போகட்டும் விடு. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்ட."

"இல்ல ஆன்ட்டி..."

"சட்டைய யாரு வேணா போட்டுக்கலாம்டி. அது எனக்கும் தெரியாதா? எத்தனை படம் பார்த்திருக்கோம். முதல்ல பார்த்தப்ப நான்கூட, நம்ம சட்டை எப்படி இங்க வந்துச்சுன்னுதான் நினைச்சேன். அதான் தொட்டுப் பார்த்தேன். ஆனா நான் கேட்டேன். அவர் பதில் சொன்னாரு. சட்டை உன்னோடதா இருக்கலாம். பதில் அவரோடது. உன் மேல வந்து சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ. எதையோ சொல்லத்தான் வந்திருக்காரு. இவ்வளவு ரத்தத்தோட வந்து நிக்கிறாருன்னா சும்மாவா? நான் போய் அந்த ஆளைக் கேக்காம விடமாட்டேன்."

அவள் எழுந்தாள். சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தாள். கைப்பைக்குள் சாவி இருக்கிறதா என்று பார்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். சின்னவளின் கன்னத்தை ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள். கோபம் இல்லை. மன்னிப்பு கைக்கு வந்துவிட்டது. இவ்வளவோடு மாடிக்குப் போய், சொல்லிட்டேன்க்கா என்று சொல்லிவிடலாம்.

"ஆன்ட்டி, எனக்குக் கேட்டுச்சு."

"என்னது?"

"நீங்க இருக்கான்னு கேட்டது. எனக்குக் கேட்டுச்சு. உங்க குரல்னும் தெரிஞ்சுது."

டெய்லரம்மாவின் கை சாவியோடு நின்றது.

"அவர் தட்டுறத நான் நிறைய தடவ பார்த்திருக்கேன்ல. அதை நான் வேஷத்துல வச்சுக்கிட்டேன். இந்தச் சட்டையப் போட்ட நாள்ல இருந்து எல்லாருக்கும் அப்படித்தான் தட்டுவேன். நீங்க கேட்டப்ப... நிறுத்தியிருக்கலாம். ஆன்ட்டின்னு சொல்லியிருக்கலாம். நான் தட்டினேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

இந்தக் கேள்விக்குச் சின்னவள் ராத்திரி முழுக்கத் தேடியும் நல்ல பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளதைச் சொன்னாள். "ரொம்ப நல்லா இருக்கும்னு தோணுச்சு."

வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தி, "தச்சாச்சாங்க?" என்று கேட்டார்கள். டெய்லரம்மா திரும்பாமல், "நாளைக்கு வாங்க" என்றாள். சைக்கிள் போயிற்று. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கைப்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அப்ப அவர் வரல."

"வரல ஆன்ட்டி."

"நான் தொட்டப்ப உள்ள சூடா இருந்துச்சு. எனக்கு அதுதான்..." மேலே சொல்லாமல், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "சரி. நீ நின்ன, சூடா இருந்துச்சு. அதுல என்ன இருக்கு."

"ஆன்ட்டி."

"அவர் இல்லன்னு முதல்ல அந்த டாக்டர் வந்து சொன்னாரு. இப்ப நீ வந்து சொல்ற."

சின்னவள் நினைத்திருந்தது வேறு. ரத்தத்தோடு நிற்கிற ஒருவரைத் துடைத்துவிடப் போகிறோம், ஆன்ட்டி நிம்மதியாக மூச்சு விடுவாள், பிறகு ஏசுவாள் என்றுதான் நினைத்திருந்தாள். ரத்தத்தோடு வந்தாலும் வந்தவர் வந்தவர்தான் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. மூன்று நாள் இந்த வீட்டுக்குள் ஒருவர் இருந்திருக்கிறார். அவரைத்தான் இப்போது அவள் வெளியே அனுப்புகிறாள்.

டெய்லரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. சின்னவளிடம் இல்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

"அப்ப அவருக்கு வலிச்சிருக்காது. அந்த டாக்டர் சொன்னது நெசம்தான். தூக்கத்துலதான் போயிருக்காரு."

"ஆமா ஆன்ட்டி. தூக்கத்துலதான்."

"நீ சொல்லாத," என்றாள் டெய்லரம்மா. சத்தம் போடவில்லை. ஆனால் சின்னவள் ஓரடி பின்னால் போனாள்.

"நான் இனிமே அங்க போகமாட்டேன். இன்னைக்கே சொல்லிருவேன். படமும் பார்க்கமாட்டேன் ஆன்ட்டி, சத்தியமா. சுவத்துல இருக்கறதையெல்லாம் கிழிச்சுப் போட்டுருவேன்."

"போ, போகாம இரு. கிழி, கிழிக்காம இரு. அது உன் பாடு. எனக்காக விட்டேன்னு மட்டும் எங்கயும் சொல்லாத. அந்தப் பாரத்தையும் என்னால தூக்க முடியாது." அவள் மெஷின் உறையை உருவினாள், எந்தத் துணியை எடுப்பது என்று தெரியாமல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கதவைச் சாத்திட்டுப் போ."

சின்னவள் சாத்திவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டின் திருப்பத்தில் அக்கா மருந்துக்கடைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள், வேலைக்கு நேரமாகியும் போகாமல்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்?"

சின்னவள் தலையாட்டினாள். அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ராத்திரி கேட்டதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் பட்டிருக்கவேண்டும். ஆனால் அதைக் கேட்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"அங்கிளுக்கு வலிச்சிருக்காதுன்னு சொன்னாங்க."

"அது சரி. உன்னை என்ன சொன்னாங்க?"

சின்னவள் யோசித்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறினாள், அங்கேயே நின்றாள்.

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா," என்றாள்.